கட்டடங்களின் காலம் – 14: மறக்கப்பட்டதால் பிழைத்த ஜெப ஆலயம்

1938 நவம்பர் 9-ஆம் தேதி இரவு, ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரத்தில் இருந்த பெரிய ஜெப ஆலயத்துக்கு நாஜிகள் தீ வைத்தார்கள். 1884-இல் கட்டப்பட்ட அந்த ஆலயம் விடிவதற்குள் எரிந்து கருகியது. நகரத்து யூத ஆண்களைப் பிடித்து அருகிலிருந்த புக்கென்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். அன்றிரவு ஜெர்மனி முழுக்க இதே கதைதான்.

அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், பழைய நகரத்தின் சந்துகளுக்கு நடுவே இன்னொரு ஜெப ஆலயமும் இருந்தது. எரிந்ததைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. அதை யாரும் தொடவில்லை. அது ஜெப ஆலயம் என்பதே யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சுற்றிலும் வீடுகளும் பின்கட்டுகளும் ஒட்டிக்கொண்டு வளர்ந்து அதன் சுவர்களை மூடியிருந்தன. உள்ளே உணவகமும் நடன மண்டபமும் நடந்திருந்தன. நிலவறையில் பந்துருட்டி ஆடுவதற்குத் தடம் போட்டிருந்தார்கள்.

சென்ற பகுதியில் பார்த்த வோர்ம்ஸ் நகர ஜெப ஆலயத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1034-இல் எழுந்து, 1174–75-இல் புதிதாகக் கட்டப்பட்டு, தொழுகை நடக்கும் இடமாகவே ஊரறிய நின்றது அது. ஊரறிய நின்றதால் 1938-இல் எரிக்கப்பட்டது. இன்று நாம் காண்பது 1961-இல் மீண்டும் எழுப்பியது. எர்ஃபுர்ட்டின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. தன் மக்களை இழந்து, பெயரை இழந்து, வேறொன்றாகிப்போன ஒரு கட்டடம் அடித்தளம் முதல் கூரை வரை நிலைத்தது. மத்திய ஐரோப்பாவில் கூரைவரை எஞ்சியிருக்கும் ஜெப ஆலயங்களில் இதுவே மிகப் பழையது என்று கருதப்படுகிறது.

எர்ஃபுர்ட் இன்று துரிங்கியா மாநிலத்தின் தலைநகரம். கெரா ஆறு ஊருக்குள் கிளைபிரிந்து ஓடுகிறது. ஆற்றின் மேல் இருபுறமும் வீடுகள் வரிசையாக நிற்கும் வணிகர் பாலம் இந்த ஊரின் அடையாளம். ஐரோப்பாவைக் கிழக்கு மேற்காகக் கடந்த அரச பெருவழி இந்த இடத்தில்தான் ஆற்றைத் தாண்டியது. வண்டிகள் வந்து நின்ற ஊரில் சந்தை வளர்ந்தது. சுற்றுவட்டார வயல்களில் வோட் என்ற செடியைப் பயிரிட்டு, அதன் இலையிலிருந்து நீலச் சாயம் எடுத்தார்கள். ஊரின் பெரும் செல்வம் அந்த நீலத்திலிருந்து வந்தது. பல நூற்றாண்டுகள் கழித்து இந்தியாவிலிருந்து அவுரி நீலம் கப்பலில் வந்து குவிந்தபோதுதான் அந்தத் தொழில் நொடித்தது.

நகரத்தின் மேலாட்சி மைன்ஸ் பேராயரிடம் இருந்தது. யூதர்கள் அவருடைய பாதுகாப்பில் இருந்தார்கள். அந்தப் பாதுகாப்புக்குப் பணம் கட்டினார்கள். 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பேராயர் கொன்ராட் காலத்தில் எழுதப்பட்ட ஒரு தோல் ஆவணம் நகர ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. நீதிமன்றத்தில் ஒரு யூதர் எந்தச் சொற்களால் சத்தியம் செய்ய வேண்டும் என்று வகுத்துச் சொல்லும் ஆவணம் அது. ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட இவ்வகை ஆவணங்களில் மிகப் பழையது. கிறிஸ்தவரும் யூதரும் ஒரே நீதிமன்றத்தில் வழக்காடினார்கள், கடன் கொடுத்து வாங்கினார்கள், ஒருவர் வாக்கை மற்றவர் ஏற்பதற்கு வழிமுறை வைத்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. யூதர்களுக்கென்று மதில் கட்டிப் பிரித்த சேரி எர்ஃபுர்ட்டில் இருக்கவில்லை. சந்தைக்கும் நகரமன்றத்துக்கும் வணிகர் பாலத்துக்கும் நடுவே, ஊரின் மையத்திலேயே, கிறிஸ்தவர்களோடு கலந்து குடியிருந்தார்கள்.

அந்த மையத்தில் எழுந்ததுதான் இந்த ஆலயம். எப்போது எழுந்தது என்பதற்குக் கல்வெட்டு எதுவும் இல்லை. மரம் சொன்னது. மரத்தின் குறுக்குவெட்டில் ஆண்டுக்கொரு வளையம் இருக்கும். மழை நன்றாகப் பெய்த ஆண்டின் வளையம் தடித்திருக்கும். வறண்ட ஆண்டின் வளையம் ஒடுங்கியிருக்கும். ஒரு வட்டாரத்து மரங்களில் இந்த வரிசை ஏறக்குறைய ஒன்றுபோலவே அமைவதால், பழைய உத்தரம் ஒன்றின் வளையங்களை ஏற்கெனவே தெரிந்த வரிசையோடு பொருத்தி, அந்த மரம் வெட்டுப்பட்ட காலத்தைச் சொல்லிவிடலாம். ஆலயத்தின் பழைய பகுதியிலிருந்த மரத்தை அப்படிச் சோதித்தபோது 1094-ஐ ஒட்டிய காலம் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1096-இல், முதல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கும்பல்கள் ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் யூதர்களைக் கொன்று குவிக்கப்போகின்றன. அதற்குச் சற்று முன்பு, இங்கே சிறியதொரு கூட்டம் தொழுகைக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தது.

அந்தச் சுவரில் இன்று எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். 12-ஆம் நூற்றாண்டில் ஒருமுறை கட்டினார்கள். 1270-ஐ ஒட்டி, கூட்டம் பெருகிச் செல்வமும் சேர்ந்தபின், பெரிதாக எடுத்துக் கட்டினார்கள். மேற்கு முகப்பு அந்தக் காலத்தது. உயர்ந்து கூம்பும் ஐந்து சாளரங்கள், அவற்றுக்கு நடுவில் பூவிதழ்போல விரியும் வட்டச் சாளரம். பக்கத்துத் தேவாலயங்களைக் கட்டிய கொத்தர்களின் கைப்பழக்கம் அதில் தெரிகிறது. உள்ளே மரத்தால் வளைத்த உயரமான கூரை. சுவரைச் சுற்றி ஓடும் ஒரு கல் விளிம்பு. அந்த விளிம்பில் விளக்குகளை வரிசையாக வைத்தார்கள். கூடத்தின் நடுவில் யூத வேதமான தோராவை ஓதுவதற்கான மேடை, கிழக்குச் சுவரில் தோராச் சுருள்களை வைக்கும் பேழை. 1300 வாக்கில் வடக்குப் பக்கம் மேலும் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். இருந்த கூடம் போதவில்லை.

கூட்டத்தின் வளத்தை ஆலயம் மட்டும் காட்டவில்லை. அருகே ஆற்றங்கரையில் 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய மிக்வே இருந்தது. மிக்வே என்பது சடங்குக் குளியல் குளம். கொட்டி நிரப்பிய நீர் அதற்கு ஆகாது. ஊற்றாகவோ மழையாகவோ தானாக வந்து சேரும் நீராக இருக்க வேண்டும். அதனால் நிலத்தடி நீர் ஊறும் ஆழம்வரை தோண்டிக் கல்லால் கட்டியிருந்தார்கள். சந்தையை ஒட்டிய கல்வீடு ஒன்றும் அதே காலத்தது. அதன் உள்ளே வண்ணம் தீட்டிய மர உத்தரக் கூரை 700 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பிறகு அவர்களிடம் புத்தகங்கள் இருந்தன. 1343-இல் எழுதி முடித்த எபிரேய வேதநூல் ஒன்று இரண்டு பாகங்களாக, ஏறத்தாழ 50 கிலோ எடையில் இன்றும் இருக்கிறது. இன்று கிடைத்துள்ள எபிரேய வேதச் சுவடிகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. பழைய யூதச் சட்ட மரபுகளின் தொகுப்பான தொசெஃப்தாவின் 12-ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றும் இந்த ஊரின் பெயராலேயே அறிஞர்களிடம் அறியப்படுகிறது. அகுடா என்ற சட்ட நூலை எழுதிய ரபி அலெக்சாந்தர் சுஸ்லின் கடைசியில் வந்து சேர்ந்த ஊர் எர்ஃபுர்ட்.

அழிவு வந்தபோது, அந்தப் பெரிய வேதநூலின் கடைசி எழுத்தை எழுதி முடித்து ஆறு ஆண்டுகள்தான் கழிந்திருந்தன.

1347-இல் கொள்ளைநோய் ஐரோப்பாவுக்குள் புகுந்தது. நோய் ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற பொய் நோயைவிட வேகமாக ஊர் ஊராகப் பரவியது. 1349 பிப்ரவரி 14-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் யூதர்களை உயிரோடு எரித்தார்கள். எர்ஃபுர்ட்டில் மார்ச் 21 அன்று கும்பல் கிளம்பியது. சனிக்கிழமை, அவர்களுடைய ஓய்வுநாள். நகரத்துக்குள் அப்போது கொள்ளைநோய் வந்திருக்கவே இல்லை. அடுத்த ஆண்டுதான் வந்தது. நோயைக் கண்டு மிரண்ட கூட்டம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாதபடி செய்கிறது இந்தத் தேதி. நகர ஆட்சியில் செல்வாக்குள்ளவர்களுக்கும் இதில் பங்கு இருந்தது. யூதர்களிடம் கடன்பட்டிருந்தவர்கள் பலர். கடன் கொடுத்தவர் இறந்தால் கடனும் தீரும் என்ற கணக்கு அந்த நாளின் பின்னால் இருந்தது.

அன்று அந்தச் சமூகமே அழிந்தது. கொல்லப்பட்டவர்கள் சுமார் 900 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். கொல்ல வந்தவர்கள் கையில் சாவதைவிட, தங்கள் வீடுகளுக்குத் தாங்களே தீ வைத்து உள்ளேயே மாண்டவர்களும் உண்டு என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. ரபி அலெக்சாந்தர் சுஸ்லினும் அந்த ஆண்டில்தான் கொல்லப்பட்டார். ஆலயத்தின் கூரைவரை நெருப்பு ஏறியது.

சுவர்கள் நின்றன. நகரமன்றம் கட்டடத்தைத் தன் வசம் எடுத்து, ஒரு வணிகருக்குக் கொடுத்தது. அவருக்கு வேண்டியது சரக்கு வைக்க இடம். உயரமான தொழுகைக்கூடத்தின் நடுவே கனத்த உத்தரங்களைப் போட்டு இரண்டு தளங்கள் அமைத்தார். கீழே மண்ணைத் தோண்டி வளைவுக்கூரை கொண்ட நிலவறை கட்டினார். மேலே புதிய கூரை போட்டார். வண்டி உள்ளே வர வடக்குச் சுவரை உடைத்துப் பெரிய வாசல் வைத்தார். தோராப் பேழை இருந்த இடம் மறைந்தது. விளக்கு விளிம்பு தளங்களுக்கு இடையே சிக்கிப் பொருளற்ற கல்வரியாக மிஞ்சியது. அடுத்த 500 ஆண்டுகள் அது கிடங்கு. எர்ஃபுர்ட்டின் நூற்றுக்கணக்கான கிடங்குகளோடு இன்னொரு கிடங்கு.

யூதர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் எர்ஃபுர்ட்டுக்குத் திரும்பி வந்தார்கள். 1354 முதல் அவர்கள் குடியேறியதைப் பதிவேடுகள் காட்டுகின்றன. நகரமன்றமே அவர்களுக்கு வீடுகளும் புதிய ஜெப ஆலயமும் கட்டிக்கொடுத்து வாடகை வாங்கியது. ஊருக்கு அவர்களுடைய வரி தேவைப்பட்டது. அந்த இரண்டாவது சமூகமும் பெரிதாக வளர்ந்தது. அவர்கள் தொழுதது புது ஆலயத்தில். பழைய ஆலயம் கண்ணெதிரே கிடங்காக நின்றது. 1453-இல் நகரமன்றம் பாதுகாப்பை விலக்கிக்கொண்டது. அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அதன் பிறகு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை எர்ஃபுர்ட்டில் யூதக் குடியிருப்பு இல்லை. அவர்களுடைய இடுகாட்டின் மேல் தானியக் களஞ்சியம் எழுந்தது. கல்லறைக் கற்களைப் பெயர்த்து ஊரெங்கும் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

அந்தக் களஞ்சியத்தை 2013-இல் வாகன நிறுத்தமாக மாற்றத் தோண்டியபோது கல்லறைகள் வெளிப்பட்டன. உள்ளூர் யூத சமூகத்தின் ஒப்புதலோடு, 33 பேரின் பற்களிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐரோப்பாவின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்த இரண்டு பிரிவினர் இங்கே ஒரே சமூகமாக வாழ்ந்திருக்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது. எலும்புகளை மீண்டும் யூத இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

கிடங்குக்குத் திரும்புவோம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த புதிய உரிமையாளர்கள் அதை உணவகமாக்கினார்கள். மேல்தளத்தில் நடன மண்டபம். சுற்றிவர மாடம் வைத்து, சுவருக்கு வண்ணமும் பூவேலையும் தீட்டினார்கள். பக்கத்து வீடுகள் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டதால் வெளியிலிருந்து பார்த்தால் பழைய சுவர் எது, புதுச் சுவர் எது என்று பிரிக்க முடியாது. வட்டச் சாளரம் அடைபட்டுப் போனது.

நாஜிகள் ஆட்சிக்கு வந்தபோது எர்ஃபுர்ட்டின் யூதச் சின்னங்கள் எவை என்று ஊருக்குத் தெரிந்தவை எல்லாம் குறிவைக்கப்பட்டன. இதே ஊரில்தான் டோப்ஃப் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம் அவுஷ்விட்ஸ் முகாமில் பிணங்களை எரிக்கும் உலைகளைச் செய்து கொடுத்தது. அந்த நிறுவனம் இருந்த இடம் 2011 முதல் நினைவிடமாக இயங்குகிறது. ஊரின் யூத வாழ்வை அடியோடு துடைக்க இத்தனை பாடுபட்ட காலத்தில், அந்த வாழ்வின் மிகப் பழைய கட்டடம் நடன மண்டபத்தின் பூவேலைக்குப் பின்னால் இருந்தது.

போருக்குப் பின் எர்ஃபுர்ட் கிழக்கு ஜெர்மனியின் பகுதியானது. எரிந்த பெரிய ஆலயம் இருந்த இடத்திலேயே 1952-இல் புதிய ஜெப ஆலயம் எழுந்தது. கிழக்கு ஜெர்மனி இருந்த காலம் முழுவதிலும் அங்கே புதிதாகக் கட்டப்பட்ட ஜெப ஆலயம் அது ஒன்றே. பழையதன் பக்கம் கவனம் திரும்பியது 1980-களின் பிற்பகுதியில்தான். இரு ஜெர்மனிகளும் இணைந்தபின், கட்டட ஆய்வாளர் எல்மார் ஆல்ட்வாஸர் சுவர் சுவராக அளந்து, கல்லுக்குக் கல் பிரித்துப் பார்த்தார். எந்தச் சாந்து எந்தக் காலத்தது, எந்த வாசல் எதை உடைத்து வந்தது, எந்த உத்தரம் எப்போது வெட்டிய மரம் என்று ஒவ்வொன்றாகத் தீர்ந்தபோது, உணவகத்துக்கு உள்ளே கிடங்கும் கிடங்குக்கு உள்ளே தொழுகைக்கூடமும் வெளிப்பட்டன. 1998-இல் நகர நிர்வாகம் கட்டடத்தை விலைக்கு வாங்கியது.

அதே 1998-இல் ஒரு தெரு தள்ளி இன்னொன்று நடந்தது. மிஹாயெலிஸ் தெருவில் பழைய வீட்டுமனை ஒன்றில் புதுக் கட்டடம் எழும்புவதற்கு முன் அகழாய்வு செய்தார்கள். நிலவறை வாசலின் சுவருக்கு அடியில் வெள்ளி தென்பட்டது. எடுக்க எடுக்க வந்தது. 3,141 வெள்ளிக்காசுகள், 14 வெள்ளிக் கட்டிகள், 700-க்கும் மேற்பட்ட பொற்கொல்லர் வேலைப்பாடுகள். மொத்தம் கிட்டத்தட்ட 30 கிலோ. காசுகள் பிரெஞ்சு அரசர்கள் வெளியிட்டவை. கடைசிக் காசுகள் 1350-இல் மறைந்த ஆறாம் பிலிப் காலத்தவை. 1349-இன் படுகொலைக்குச் சற்று முன் யாரோ அவசரமாகப் புதைத்திருக்கிறார்கள். அந்த மனை அப்போது கால்மன் என்ற யூத லேவாதேவிக்காரருக்குச் சொந்தமாக இருந்ததைப் பழைய பதிவேடுகளிலிருந்து அறிஞர்கள் கண்டார்கள். புதைத்தவர் எடுக்கத் திரும்பவில்லை.

பொருள்களில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எட்டு வெள்ளிக் கிண்ணங்கள் உண்டு. வெள்ளிக் குடம், இடைக்கச்சை அணிகள், ஆடையில் தைக்கும் சிறு வில்லைகள் உண்டு. அடகுக்கு வந்தவையும் வீட்டில் புழங்கியவையும் கலந்து கிடந்தன. எல்லாவற்றிலும் தனித்து நிற்பது ஒரு பொன் மோதிரம். மேலே சின்னஞ்சிறு கூர்மாடம், சாளரங்களோடும் கூரையோடும். கூரைச் சரிவுகளில் எபிரேய எழுத்துகளில் ‘மசல் தோவ்’ என்ற மணவாழ்த்து. யூத மணத்தில் அணிவிக்கும் மோதிரத்தில் கல் பதிக்க மாட்டார்கள். அதன் மதிப்பில் மணப்பெண்ணுக்குக் குழப்பம் வரக்கூடாது என்பது வழக்கம். இந்த மோதிரத்திலும் கல் இல்லை; முழுக்கப் பொன். இதைப்போன்ற இடைக்கால மணமோதிரங்கள் மிக அரிது. 1863-இல் பிரான்ஸின் கோல்மார் நகரில் சுவருக்குள் கிடைத்த புதையலில் ஒன்று இருந்தது. அதுவும் கொள்ளைநோய்க் காலத்தில் மறைத்ததுதான்.

2007-இல் ஆற்றங்கரையில் நடந்த வேலையின்போது மிக்வேயும் வெளிவந்தது. பேராயருக்கு யூதர்கள் அதற்காக நிலவரி கட்டியதைச் சொல்லும் 13-ஆம் நூற்றாண்டுப் பதிவேடு ஏற்கெனவே இருந்தது. இப்போது அந்த இடமே கிடைத்தது. ஆலயம், மிக்வே, கல்வீடு ஆகிய மூன்றையும் 2023 செப்டம்பர் 17 அன்று ரியாத்தில் கூடிய யுனெஸ்கோ குழு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆலயம் 2009 அக்டோபர் 27 அன்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சீரமைத்தவர்கள் அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தது. 1300-இல் இருந்த தொழுகைக்கூடமாக இதை மாற்றிவிடலாமா? பிற்காலத்தில் போட்ட தளங்களைப் பிரித்து, மாடத்தை எடுத்து, விளக்கு விளிம்பில் மீண்டும் விளக்கு வைத்துவிடலாமா? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒட்டியிருந்த கட்டடங்களில் சிலவற்றை அகற்றி, மேற்கு முகப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். மற்றபடி கிடங்கின் உத்தரங்களும் நடன மண்டபத்தின் மாடமும் வண்ணச்சுவரும் அப்படியே இருக்கின்றன. 1349-க்குப் பின் இந்தக் கட்டடத்துக்கு நேர்ந்ததும் இதன் வரலாறுதான் என்பது அவர்கள் முடிவு. முற்றத்தில், ஊரெங்கும் சுவர்களிலிருந்து மீட்ட கல்லறைக் கற்களை நிறுத்தியிருக்கிறார்கள். நடன மண்டபம் இருந்த மேல்தளத்தில் எபிரேயச் சுவடிகளைப் பற்றிய காட்சி. படுகொலையில் சூறையாடப்பட்ட அந்தச் சுவடிகள் கைமாறி, 1880-இல் பெர்லின் அரச நூலகத்துக்கு விற்கப்பட்டு, இன்றும் அங்கேயே இருக்கின்றன.

மோதிரத்தைப் பார்க்கக் கீழே இறங்க வேண்டும். படுகொலை முடிந்து சாம்பல் ஆறியபின், கொல்லப்பட்டவர்களின் ஆலயத்தை வாங்கிய வணிகர் சரக்கு அடுக்கத் தோண்டிய அதே நிலவறை. கால்மன் வீட்டுச் சுவருக்கு அடியில் 649 ஆண்டுகள் கிடந்த வெள்ளியும் பொன்னும் இப்போது அந்த வளைவுக்கூரையின் கீழ் கண்ணாடிப் பேழைகளில் இருக்கின்றன.

(தொடரும்)

அடுத்த பகுதியில்: பிராக் நகரத்தில் 13-ஆம் நூற்றாண்டில் கட்டி, இன்றுவரை தொழுகை நடக்கும் ‘பழைய-புதிய’ ஜெப ஆலயம்.